வடகிழக்கு மூலையில் ஆகாயத்தாமரை

எங்கள் பண்ணைக்குட்டையில் ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து போடுவது பக்கத்துத் தோட்டத்து ஜீவானந்தம்தான். பின்னே? ஆள் விட்டு ஒரு செடி விடாமல் வாரிக் கரையேற்றினோம். ஆடி பிறந்ததும் மறுபடி பச்சைப்பசேலென்று கிளம்பிவிட்டது. அதுவும் எங்கே? அவர் வேலியை ஒட்டிய வடகிழக்கு மூலையில். பாழாய்ப்போன செடிக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

குட்டையில் கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார். குஞ்சிலிருந்து தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்த்தது நான். செடி மூடிக்கொண்டால் மீன் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அந்தப் பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

குட்டை வெட்டும்போதே, "ஏனுங்க்கா, இந்த மண்ணுல மீன் வளருமா?" என்று சிரித்த ஆள் அவர். மறப்பேனா?

ஒருநாள் காலையில் மக்காச்சோளத்துக்குள் நின்று பார்த்தேன். நினைத்தது சரிதான். ஜீவானந்தம் அந்த மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை தண்ணீருக்குள், இன்னொரு கையில் செடி.

"மாட்டுனயா! ஏய்யா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்?"

களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். அவர் எழுந்தார்.

"நான் எடுக்கத்தானுங்க்கா செய்யறேன்."

"அடேங்கப்பா! ஊரான் குட்டையில எடுக்கறதுக்கு நீ யாரு? ஊட்டுல ஆம்பள இல்லைன்னா திருட்டுத்தனமா உள்ள வருவயா?"

அவர் முகம் செத்துப்போனது. கையைக் கழுவினார்.

"இனி உங்க குட்டைப் பக்கமே வரமாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு அந்த மூலைக்குக் கம்பிவலை அடித்தேன்.

அதன்பிறகு செடி ஒழிந்ததா? எங்கே! மூலையில் இருந்தது பாதிக் குட்டைக்கு வந்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. ஒரு பெரிய கட்லா செத்து மிதந்தது. வலைக்கு மேலேயே வீசுகிறானோ என்று அப்போதும் அவரைத்தான் திட்டினேன்.

காலேஜ் லீவில் வந்திருந்த மகள் மோகனப்பிரியா குட்டையைப் பார்த்தாள்.

"அம்மா, செடிய வாருனப்புறம் மாரியம்மன் நோம்பிக்குப் பள்ளிபாளையம் காவேரிக்குப் போயித் தீர்த்தம் எடுத்தமே. கோயிலுக்குப் போக மீதிய என்ன பண்ணுனே?"

"வருசா வருசம் பண்றதுதான். தண்ணி வத்தக்கூடாதுன்னு நம்ம குட்டையில ஊத்துனேன்."

"கொடத்து வாயில வேப்பலையோட ஊதாப் பூ ஒண்ணு சொருகியிருந்தியே?"

"ஆத்துல மெதந்துச்சு. அழகா இருந்துச்சுன்னு…"

"வேரோட? அந்தச் செடிதாம்மா இது."

"காவேரித் தாயையே குத்தஞ்சொல்றயா?" என்று அவள்மேல் பாய்ந்தேன். ஆனால் அந்தப் பூவைக் குட்டையில் விட்டுக் கும்பிட்டது நான்தான்.

"அப்புறம் ஏன் அந்தாளு மூலையிலயே மொளைக்குது?" என்று கேட்டேன்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. குட்டை நடுவில் கிடந்த ஒரு கொத்துச் செடி மெதுவாக அந்த மூலைக்கு நகர்ந்தது. தினமும் அங்கே வந்து சேர்ந்ததைத்தான் அந்த மனிதர் அள்ளி வெளியே போட்டிருக்கிறார். கடவுளே, நான் என்ன பேச்சுப் பேசிவிட்டேன்!

வேலியோரம் போய்க் கூப்பிட்டேன். "தம்பி… நான் பேசுனது தப்பு. மீனு சாவுதுங்க. வந்து ஒரு கை கொடுங்க."

ஜீவானந்தம் வந்து கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அண்ணன் வரட்டுங்க்கா. அவரு கூட நின்னா வந்து எடுக்கறேன். தனியா உங்க குட்டையில கையை வைக்கமாட்டேனுங்க."

"அவரு வர தீவாளி ஆவுமே!"

தண்ணீரில் இன்னும் இரண்டு மீன் மல்லாந்து வந்தன. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். இடுப்பளவு சேற்றில் செடி இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவர் போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை.