சிவப்பு மூடி போட்ட ஆயிரத்து முந்நூறு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நிதானம் போதவில்லை என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு சிறுகதைப் பட்டறை. என்ன எழுதப் போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். கார் எஞ்சின் பற்றி என்றேன். நடத்திய அண்ணன் சிரித்துவிட்டார்.

"எஞ்சினா? யாரும்மா எழுதிக் குடுக்கறது? வீட்டுல அண்ணன் இருக்காரா?"

நான் எந்திரப் பொறியியல் படித்தவள். அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள். அன்றைக்கே தலைப்பை எழுதினேன். கதை பிறகு வந்தது.

(பொய். கதை ஏற்கெனவே எங்கள் வீட்டு வாசலில் நான்கு சக்கரத்தோடு நின்றுகொண்டிருந்தது.)

2

தொடக்கம் ஒன்று: மழை ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில் என் தந்தையார் தம் வாகனத்தின் முன் — வேண்டாம். அப்பா 'தந்தையார்' ஆகிற ஆள் இல்லை. ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார்.

தொடக்கம் இரண்டு: நான்கு சிலிண்டர்களில் நெருப்பு மாறி மாறி எரிவதுபோல் நம் வாழ்விலும் — இதை எழுதிய கையை நானே அடித்தேன்.

தொடக்கம் மூன்று: அப்பாவின் காருக்குள் இருப்பது ஆயிரத்து அறுநூறு.

இது நன்றாக இருக்கிறது. பொய்யாகவும் இருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

3

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரே எஞ்சின் குடும்பத்தில் நாலு பிள்ளைகள்: ஆயிரத்து முந்நூறு சிசி, ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்து எண்ணூறு. நாலு பேருக்கும் நாலு சிலிண்டர், வெளியே பார்த்தால் ஒரே உடம்பு. உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்தான் வேறு. அறுநூறுக்கு மட்டும் மேல்மூடி சிவப்பு. மற்றவர்களுக்குக் கறுப்பு.

எங்கள் காரின் கிரானில், அதாவது பதிவுப் பத்திரத்தில், ஆயிரத்து முந்நூறு என்றுதான் இருக்கிறது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா, அம்மாவின் தம்பி குணாளன் மாமாவின் பட்டறைக்குப் போய், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த காரிலிருந்து ஓர் அறுநூறைப் பிடுங்கி மாட்டச் சொன்னார். பதிவை மாற்றாமல் எஞ்சினை மாற்றினால் குற்றம். அதனால்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர் மாற்றுகிறார்கள்.

அதிலிருந்து அப்பா வேறு மனிதர். கோப்பிக் கடையில் யார் எதைப் பற்றிப் பேசினாலும் இரண்டு நிமிஷத்தில் பேச்சு அவர் எஞ்சினுக்கு வந்துவிடும். தூரத்தில் போலீஸ் ரோட் பிளாக் தெரிந்தால் காரைத் திருப்பிச் செம்பனைத் தோட்டத்துக்குள் விடுவார். "உள்ள இருக்கிறது புலி. காட்ட முடியுமா?" என்பார். பானெட்டை நான் தொட்டதில்லை. அவர் விட்டதில்லை.

"நீ படிச்சது புக்குல இருக்கிற எஞ்சின், எஞ்சினியரம்மா. இது வேற."

நாலு வருஷம் படித்தேன். இதே வாக்கியம் நாலு வருஷமும்.

4

பத்து கவான் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். காலை ஆறு மணிக்கு அங்கே போக பஸ் கிடையாது. அப்பா காரை என் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். பெயர் மாற்ற வண்டிச் சோதனைக்குப் போக வேண்டும். சோதனையில் எஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள். நம்பர் மாறியிருந்தால் கார் போச்சு, என் வேலையும் போச்சு.

மூன்று நாள் அப்பா கோப்பிக் கடையில் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் பேசுவதுபோல் பேசினார். "ஃபெயில்தான்டா. புலிய எங்க ஒளிய வெக்கிறது?" முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்!

(இந்த வரியை எடுத்துவிடச் சொன்னார் அம்மா. எடுக்கவில்லை.)

சோதனைக்கு நாங்கள் மூவரும் போனோம். அம்மாவைக் கூப்பிடவே இல்லை. அவராகவே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஹைருல் என்ற அதிகாரி டார்ச்சும் கண்ணாடியுமாக எஞ்சினின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அப்பா, தீர்ப்பு கேட்க வந்த தியாகியைப்போல் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"பாஸ், அங்கிள்."

"என்னாது?"

"பாஸ். எடுத்துக்கிட்டுப் போங்க."

"எப்படி பாஸ்? என்சிக், சார், நல்லா பாருங்க."

"பார்த்துட்டேன் அங்கிள். கிரான்ல உள்ள நம்பர்தான். ஆயிரத்து முந்நூறு."

"செவப்பு மூடி தெரியல உங்களுக்கு?"

"மூடியில நம்பர் கெடையாது அங்கிள்."

"இன்னொரு தடவ பாருங்களேன். நான் எதையும் மறைக்கல. மாத்தினது நான்தான். ஒத்துக்கறேன்!"

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஹைருல் டார்ச்சை அணைத்தார்.

"பன்னண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன் அங்கிள். பாஸ் போட்டதுக்கு சண்டை போடற மொத ஆள் நீங்கதான். வூட்டுக்குப் போங்க லா."

அம்மா காரை விட்டு இறங்கவே இல்லை. கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

5

அம்மா என்ற பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு வரைவில் கொடுமைக்காரியாக்கிப் பார்த்தேன், ஒன்றில் தெய்வமாக்கினேன். மூன்றும் உதவவில்லை. நடந்ததை மட்டும் வைக்கிறேன்.

அன்று மதியமே மாமாவின் பட்டறைக்குப் போய் நின்றேன்.

"என்னைப் பாக்காதம்மா. உங்க அம்மா சொன்னாங்க. 'அந்தாளு இப்பவே காத்தா பறக்கறாரு. அறநூறு குடுத்தா எமன் கிட்டதான் போய் நிப்பாரு. மூடிய மட்டும் மாத்திடுடா தம்பி.' அக்கா பேச்ச மீற முடியுமா?"

"அப்ப அந்த அறுநூறு?"

மாமா தலையைச் சொறிந்தார். தன் காரைக் காட்டினார். அதில் கறுப்பு மூடி.

பதினெட்டு வருஷம்! பாலிங் மேட்டில் மாமா கார் அநாயாசமாக ஏறும்போதெல்லாம் அப்பா கேட்பார்: "டேய் குணா, உன் டப்பா எப்படிடா ஏறுது?" "சாமி புண்ணியம் மச்சான்" என்று சொல்லி மாமா பிரேக்கைத் தொட்டு அப்பாவை முந்தவிடுவார். எங்கள் அப்பா சட்டப்படி சுத்தமான ஒரு காரைப் பதினெட்டு வருஷமாகச் செம்பனைக்குள் ஒளித்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. (பொய். வந்தது. கோபம் அதற்குப் பிறகு வந்தது, அதுவும் மூன்று பேர் மேலும்.) ஒரு மனிதரை இத்தனை வருஷம் முட்டாளாக்க இவர்கள் யார்? பானெட்டை ஒரே ஒரு தடவை எனக்குத் திறந்துவிட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் நான் சொல்லியிருப்பேனே?

6

முடிவுகள். எஞ்சினைப்போல் கதைக்கும் வெளியே ஒரே உடம்பு, உள்ளே தூரம்தான் வேறு.

ஆயிரத்து முந்நூறு முடிவு: அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அதிகாரிக்குக் கண் சரியில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆயிரத்து ஐந்நூறு முடிவு: சோதனை நிலையத்தில்தான் தெரிந்தது. வீடு வரும்வரை ரேடியோவைக்கூடப் போடவில்லை. (இது உண்மை.)

ஆயிரத்து அறுநூறு முடிவு: முதல் வாரமே தெரியும். பஸ் ஓட்டிப் பழகிய கால் அது. முந்நூறின் இழுவைக்கும் அறுநூறின் இழுவைக்கும் வித்தியாசம் தெரியாதா? அம்மா பயந்து செய்தது என்று புரிந்து, பேசாமல் இருந்துவிட்டார். அப்படியானால் அந்தச் சண்டை, பின்சீட்டில் இருந்தவருக்காகப் போட்டது. இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

எண்ணூறு முடிவு எழுத வரவில்லை.

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. பசியாறிவிட்டு வந்து பார்த்தால் மூடியின் ஓரமாக எண்ணெய் கசிகிறது. மூடியைக் கழற்றி உள் ரப்பரை மாற்ற வேண்டும். கார் என் பெயரில் இருக்கிறது, பானெட்டை நானே திறந்தேன். யாரும் தடுக்கவில்லை.

மாமா வந்தார். தன் காரிலிருந்து கழற்றிய கறுப்பு மூடியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "உனக்கு எது சரின்னு படுதோ, நீயே போடும்மா" என்றார். தரையில் நாளிதழ் விரித்து இரண்டு மூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கறுப்பை இங்கே மாட்டினால் சிவப்பு மாமா காருக்குப் போகும். இரண்டு கார்களும் உண்மை பேசும். தெருவே பார்க்கும்.

அம்மா கரண்டியோடு வாசலில் நிற்கிறார். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வருகிறது, அவர் நகரவில்லை. அப்பா பத்து நிமிஷமாக ஒரே செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். செடி மூழ்கிவிட்டது.

"அதுக்கு பத்து எம்எம் ஸ்பானர் வேணும், எஞ்சினியரம்மா" என்கிறார், திரும்பாமல். முதல் முறையாக அந்தப் பெயரில் நக்கல் இல்லை. அல்லது இருந்து, எனக்குக் கேட்கவில்லை.

நான் கோபக்காரி. இந்த நேரத்தில் என் கையை நான் நம்ப மாட்டேன். ஸ்பானர் இதோ. இரண்டில் ஒரு மூடியை, வாசிக்கிற நீங்கள் மாட்டுங்கள்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக முடுக்குங்கள். ரொம்ப இறுக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். நாளைக் காலை ஐந்தரைக்கு நான் கிளம்ப வேண்டும்.