ஒற்றைப்படை வருஷங்கள்

காலை ஒன்பது நாற்பதுக்கு விதி மாறியது.

நானும் என் நாத்தனாரும் ஒப்பனை அறையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முடிந்துவிட்டது. அவளுக்குப் பவுடர் ஏறிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் அம்மாள் ஒரு தாளோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நல்ல செய்திக்கு யாரும் கதவைச் சாத்துவதில்லை.

"இறுதிச் சுற்றுல சின்ன மாற்றம்," என்றார்.

சின்ன மாற்றம் இதுதான். பதினான்கு வாரம் ஜோடியாக ஆடிய நாங்கள் இன்று எதிரெதிராக ஆட வேண்டும். ஆளுக்கொன்றாக அறிவித்திருந்த இரண்டு ஸ்கூட்டர்கள் கிடையாது. அதற்குப் பதில் ஒரு வேன். பன்னிரண்டு இருக்கை. ஜெயிப்பவருக்கு வேன், தோற்பவருக்குக் கைத்தட்டல்.

"ஜோடின்னுதானே கூப்பிட்டீங்க?" என்றேன்.

"ஸ்கூட்டர் கம்பெனி போயிடுச்சு மேடம். வேன் கம்பெனி வந்திருக்கு. ஒரு வேனை ரெண்டா வெட்டியா குடுக்க முடியும்?"

"எங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா?"

"ரெண்டாவதா வந்த ஜோடி கீழ டீ குடிச்சிட்டு இருக்காங்க."

நாத்தனார் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"என்ன கலர்?"

"வெள்ளை."

"ஏசி?"

"இருக்கு."

"ஆடுறோம் அண்ணி," என்றாள்.

அந்த நிகழ்ச்சியின் பெயர் 'கூடுதல் நேரம்'. சனிக்கிழமை மாலை வரும் விளையாட்டு வினாடி வினா. நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஒரே வீடு, நாங்கள் கீழே, அவள் மாடியில். என் கணவர், அதாவது அவள் அண்ணன், மேட்ச் தொடங்கி பத்தாவது நிமிடம் சோபாவில் தூங்கிவிடுவார். அவரை நடுவில் தூங்கவிட்டு, அவர் தலைக்கு மேலே பேசிப் பேசித்தான் நாங்கள் இருவரும் சிநேகிதமானோம்.

நிகழ்ச்சிக்குத் தேர்வானதும் சொத்துப் பிரிப்பது மாதிரி வருஷங்களைப் பிரித்தோம்.

"நான் பொறந்தது எண்பத்து மூணு. ஒத்தைப்படை எனக்கு. ரெட்டைப்படை உங்களுக்கு. அடுத்தவங்க பங்குல கை வைக்கக் கூடாது," என்றாள்.

ஆளுக்கொரு நீள நோட்டு. ஒவ்வொரு வருஷமும் தேசியக் கால்பந்துக் கோப்பையை யார் ஜெயித்தார்கள், எங்கே, எத்தனை கோல், எத்தனையாவது நிமிடம். இரண்டு நோட்டுகளும் ஃப்ரிட்ஜின் மேல் இருக்கும்.

நான் அடுத்தவர் பங்கில் கை வைத்தேன்.

பரிசோதனைக்கூடத்தில் எந்தச் சாம்பிளையும் நான் மெஷினில் ஒரு முறை மட்டும் ஓட்டியதில்லை. மேலாளர் திட்டுவார். ஓட்டத்தான் ஓட்டுவேன். இரண்டாவது வாரம், அவள் காலை ட்ரிப்புக்குப் போன பிறகு, அவளுடைய நோட்டை எடுத்தேன். சரிபார்க்கத்தான். தொண்ணூற்று ஒன்றில் கோப்பை இறுதி ஆட்டத்தின் முடிவு கோல், அதாவது வெற்றியைத் தீர்மானித்த கோல், அறுபதாவது நிமிடம் என்று எழுதியிருந்தாள். புத்தகங்களிலெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. அன்றைய நடுவரின் குறிப்பில் அறுபத்தொன்று. நான் பென்சிலால் அறுபதை அடித்து, பக்கத்தில் அறுபத்தொன்று என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அண்ணி, இது என் கையெழுத்து மாதிரி இல்லையே."

"பஸ்ல குலுக்கல்ல எழுதியிருப்பே."

"நான் ஓட்டும்போது எங்க குலுங்குது?" என்றாள். ஆனால் போய்விட்டாள். நடுவர் குறிப்பைத் தேடிப் பார்த்து, புத்தகங்களிலேயே இருக்கும் ஒரு தப்பைத் தான் பிடித்துவிட்டதாக, எந்த வருஷம், எந்த நிமிடம் என்று மட்டும் சொல்லாமல், இரவுச் சாப்பாட்டின்போது எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

அதன் பிறகு பென்சிலைத் தொடவில்லை. படிப்பதை நிறுத்தவில்லை. காலையில் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். ஐந்து வாரத்தில் அவளுடைய பாதி முழுவதும் என் மண்டைக்குள் வந்துவிட்டது. இரண்டாயிரத்து மூன்று வந்த பக்கத்தில் நாற்பத்து மூன்றை இலக்கம் இடம்மாறி முப்பத்து நான்கு என்று எழுதியிருந்தாள். பார்த்தேன். திருத்தினால் மறுபடி கேட்பாள். அப்படியே மூடி ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன்.

ஏழாவது வாரம் அந்தக் கேள்வி வந்தது. ஜோடிக்குக் கலந்து பேசப் பத்து விநாடி உண்டு.

"முப்பத்து நாலு அண்ணி. சத்தியமா."

நான் தலையாட்டினேன். அந்த வாரப் பரிசு ஒரு சலவை இயந்திரம். போனது. போட்டியில் நீடித்தோம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால போச்சு அண்ணி."

"ஒத்தைப்படை உன் ஏரியா. அதுல எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். மறுநாளிலிருந்து நான்கு மணிக்கு எழுந்து படிக்கத் தொடங்கினாள். அடுத்த ஏழு வாரமும் அவள் ஒரு கேள்வியைக்கூட விடவில்லை.

படப்பிடிப்பு பதினொரு மணிக்கு. தளத்துக்குப் போகும் நடையில் தடித்த வயர்கள் தரை முழுவதும் கிடந்தன. அவள் முன்னால் நடந்தாள். தோள்கள் நிமிர்ந்திருந்தன. பேருந்தைப் பின்னால் எடுக்கும்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

"நீ ஜெயிச்சாலும் நான் ஜெயிச்சாலும் வேன் நம்ம வாசல்லதானே நிக்கப் போகுது," என்றேன். "எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. ஓட்டப் போறது நீதான்."

அவள் நின்றாள்.

"அது வேற அண்ணி. பதினோரு வருஷமா தினமும் காலையில இன்னொருத்தர் கையிலேர்ந்து சாவி வாங்கி, சாயங்காலம் திருப்பிக் குடுக்கிறேன். நீங்க ஜெயிச்சா நான் உங்க டிரைவர். சம்பளம் பேசிக்கலாம். நான் ஜெயிச்சா அது என் வண்டி."

"சரி."

"சரியாவது கிரியாவது. விட்டுக் குடுத்தீங்க, அப்புறம் நான் மாடியிலேர்ந்து இறங்கவே மாட்டேன். எனக்கு ரெட்டைப்படையா சொல்லுங்க. உங்களுக்கு நான் ஒத்தைப்படைதான் சொல்லப் போறேன். கருணையே கிடையாது."

விதியை அவள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள். மூன்று சுற்று. வருஷத்தை எதிராளி சொல்வார். அந்த வருஷத் தேசியக் கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் முடிவு கோல் எத்தனையாவது நிமிடம் விழுந்தது என்று பத்து விநாடிக்குள் சொல்ல வேண்டும். ஜோடிகளுக்குள் யார் எதில் வீக் என்று ஜோடிக்குத்தான் தெரியும். சேனலுக்கு வேண்டியதும் அதுதான்.

நான் நடந்துகொண்டே முடிவு செய்தேன். தெரியாது என்று சொன்னால் போதும். எனக்கு ஒற்றைப்படை தெரியாது என்பது அவளுக்கு உறுதி. விட்டுக்கொடுத்ததைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வேன் அவளுடையது. இதைவிடச் சுலபமான வேலையை நான் செய்ததில்லை.

தொகுப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டு. வாரம் ஒரு கோட்டு. இன்று மஞ்சள்.

"குடும்பத்துக்குள்ள போர்!" என்று கத்தினார். என் கணவர் முதல் வரிசையில் இருந்தார். முழித்திருந்தார். யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் கைகளைத் தொடையில் வைத்திருந்தார்.

முதல் சுற்று. நான் தொண்ணூற்று நான்கு என்றேன்.

"பன்னிரண்டாவது நிமிஷம்," என்றாள் நாத்தனார். சரி.

கோட்டு வாயைப் பிளந்தார். "அது அவங்க பாதி இல்லையா?"

"அண்ணி வாய் சும்மா இருந்தாத்தானே சார்? பாத்திரம் தேய்க்கும்போதும் நிமிஷம்தான் ஓடும். காதுல விழுந்ததைப் பொறுக்கி வச்சிருக்கேன்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவள் எனக்கு இரண்டாயிரத்து ஏழு என்றாள்.

எழுபத்தெட்டு.

"தெரியாது," என்றேன்.

சொன்ன பிறகு நாக்கு தடித்த மாதிரி இருந்தது. பரிசோதனைக்கூடத்தில் இந்தப் பதினெட்டு வருஷத்தில் தெரிந்த எண்ணை மாற்றி நான் ஒரு தாளிலும் எழுதியதில்லை.

இரண்டாவது சுற்று. நான் இரண்டாயிரத்துப் பத்து என்றேன். அவள் யோசித்து இருபது என்றாள். தவறு. தோளைக் குலுக்கிக்கொண்டாள். கோட்டு விடவில்லை.

"உங்க அண்ணியைப் பார்த்தா பயமா இல்லையா?"

"பயமா? ஒத்தைப்படைல அண்ணிக்கு அ ஆ கூடத் தெரியாது சார். பதினாலு வாரமா பாதி தூரம் நான் ஓட்டினேன், அவங்க பின் சீட்டுல உட்கார்ந்து ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்தாங்க. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு!"

தளம் முழுக்கச் சிரித்தது. கேமராக்காரர் சிரித்தார். என் கணவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர் கோப்பை எது, குடம் எது என்று அறியாதவர்.

"எண்பத்தெட்டு," என்றேன்.

கோட்டு அட்டையைப் பார்த்தார். சரி.

"அடிச்சுவிட்டாங்க சார்," என்றாள் நாத்தனார். "கடைசி நிமிஷத்துல கோல் விழும்னு ஒரு குத்துமதிப்பு. அண்ணி, பரவாயில்லையே!"

அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவது சுற்று. நான் தொண்ணூற்று எட்டு என்றேன். அவள் ஐம்பத்தைந்து என்றாள். ஐம்பத்து மூன்று. இரண்டு நிமிட வித்தியாசத்தில் போனது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்போது நான் தவறினால் சமம். இன்னொரு சுற்று வரும், அதில் அவள் ஜெயிக்கலாம். சரியாகச் சொன்னால் வேன் எனக்கு.

அவள் எனக்கான வருஷத்தை யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"தொண்ணூத்தி ஒண்ணு. இது யாருக்கும் வராது சார். புத்தகத்துலயே தப்பு. நானே முதல்ல தப்பாத்தான் எழுதினேன். அப்புறம் நானே திருத்தினேன்."

பத்து விநாடி ஓடத் தொடங்கியது.

அறுபது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் செய்யும் தப்பு. தெரியாது என்பதைவிட இயல்பாக இருந்திருக்கும். அவள் விரித்த வலை அதற்குத்தான். விழுந்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் விழுந்திருக்கலாம். அறுபது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அறுபத்தொண்ணு."

பெருமைதான். வேறு பெயர் வைக்க முடியாது. நானே திருத்தினேன் என்றாளே, அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது.

கோட்டு எகிறிக் குதித்தார். மேலேயிருந்து காகிதத் துண்டுகள் கொட்டின. திரை விலகி வெள்ளை வேன் வந்து நின்றது. அழகான வண்டி. தயாரிப்பாளர் அம்மாள் ஓரத்தில் நின்று இரண்டு கட்டைவிரலையும் காட்டினார். என் கணவர் ஒருவழியாகக் கை தட்டினார். அட்டையில் செய்த பெரிய சாவியை எனக்குக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிறகு அதை வாங்கிக்கொண்டு உண்மைச் சாவியைக் கொடுத்தார்கள். சிறியது. குளிர்ந்திருந்தது.

விளக்குகள் அணையும்வரை நாத்தனார் கேமராவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். நன்றாகவே சிரித்தாள். அணைந்ததும் வேனைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். டயரைக் காலால் தட்டினாள். கதவைத் திறந்து மூடி, அது மூடும் சத்தத்தைக் கேட்டாள்.

நான் அருகில் போய்ச் சாவியை நீட்டினேன்.

"இந்தா. உன் பேர்லதான் எழுதப் போறேன். டிரைவர் கிரைவர்னு ஏதாவது பேசினே, அடி விழும்."

அவள் கையை நீட்டவில்லை. கைக்குட்டையால் நெற்றிப் பவுடரைத் துடைத்தாள்.

"அந்தப் பென்சில் உங்களோடதா?"

"ஆமா."

"நான்தான் திருத்தினேன்னு நினைச்சு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன்," என்றாள். லேசாகச் சிரித்தாள். "அப்போ பதினஞ்சு குத்துமதிப்பு இல்லை."

"இல்லை."

"ஏழு?"

"எழுபத்தெட்டு."

தலையாட்டினாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பேருந்தை எடுக்கும் முன் உள்ளே எத்தனை தலை என்று எண்ணுவாளே, அந்த முகம். எண்ணி முடித்தாள். என் உள்ளங்கையில் சாவி அப்படியே இருந்தது.

"அதே நோட்டுல, கொஞ்சம் பக்கம் தள்ளி, ரெண்டாயிரத்து மூணுக்கு முப்பத்து நாலுன்னு எழுதியிருந்தேனே. அதையும் பார்த்தீங்களா, அண்ணி?"