பசை போகாத மனிதர்

அந்த ஆண்டு மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, ஊரில் எல்லோருடைய இடது மணிக்கட்டிலும் தபால்தலை சேகரிப்பவர்களின் விலைப்பட்டியலில் வரும் குறிகளில் ஒன்று இருந்தது. சோப்புக்குப் போகவில்லை. அன்று முட்டை விலையும் ஏறியிருந்தது. மக்கள் முதலில் பேசியது அதைப் பற்றித்தான்.

குறிகளைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரே. சாவி செய்பவரின் கடைக்குப் பக்கத்தில், ஆறடி அகலக் கடையில் தபால்தலை விற்றுவந்தவர். பட்டியலை வாங்கும் எவரும் குறிவிளக்கப் பக்கத்தைப் படிப்பதில்லை, நேராக விலைக்குப் போய்விடுகிறார்கள் என்பது அவருடைய முப்பதாண்டு மனக்குறை. அந்த வாரம் அவர் கடை வாசலில் வரிசை நின்றது. வங்கி மேலாளருக்கு உறையின் படம் வந்திருந்தது. ஒட்டிய உறையை விட்டு இன்னும் பிரிக்கப்படாதது என்று பொருள். அவர் அம்மாவோடு வந்திருந்தார். அம்மாதான் விளக்கம் கேட்டாள். வக்கீலுக்கு முக்கோணம். உறையிலிருந்து வெட்டிய துண்டோடு இருப்பது. விவாகரத்தில் அவருக்குக் கிடைத்தது வீட்டின் ஒரு அறை மட்டும் என்பதால் யாரும் மேலே கேட்கவில்லை.

வியாபாரியின் கையில் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. பயன்படுத்தப்படாதது, பின்பசை குலையாதது, எவரும் எங்கும் ஒட்டிப் பார்க்காதது. பட்டியலில் அதற்கு மேல் தரம் கிடையாது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ்; இரவுப் பணி முடிந்து வந்து, துணி துவைத்து, சமைத்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் வட்டம். தபாலில் போய் முத்திரை வாங்கியது என்று பொருள். மை கனமாக விழுந்து ஓரம் வரை படர்ந்திருந்தது. அவர் பூதக்கண்ணாடியை எடுத்து, முப்பது ஆண்டுப் பழக்கத்தில், யோசிக்காமல் சொன்னார்.

"முத்திரை ரொம்ப அழுத்தமா இருக்கு. மதிப்பு குறையும்."

அவள் அடுப்பை அணைத்தாள். "உங்களுக்கு என்ன வந்திருக்கு?"

அவர் காட்டினார். விளக்கமும் சொன்னார்.

"எதுக்கும் உபயோகப்படாத ஆளுன்னு இருபத்திரண்டு வருஷமா நான் சொன்னா சண்டைக்கு வருவீங்க. இப்ப கையே சொல்லுது, அதுல பெருமை வேறயா?"

அன்று மாலை அவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். அந்த இரண்டு நட்சத்திரமும் போன பிறகு கூப்பிட வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குறியோடு அவர் முதுகில் பசையும் வந்திருந்தது. நனைந்தால் ஒட்டும். குளித்துவிட்டு அவசரமாக உட்கார்ந்ததில் நாற்காலி இரண்டு முறை கடை வரை கூடவே வந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வீடு பெருக்கினார், பாத்திரம் கழுவினார், எல்லாவற்றையும் தெருப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்தார். ஒன்பதாம் நாள் நட்சத்திரங்கள் போய் வட்டம் வந்தது.

"என்னண்ணே, வட்டம் விழுந்துடுச்சு போல, அண்ணியைக் கூட்டிட்டு வர வேண்டியதுதானே?" என்றார் சாவி செய்பவர்.

"அடைப்புக்குறிக்குள்ள விழுந்திருக்குப்பா."

"அப்படின்னா?"

"தபாலாபீசுல உக்காந்த இடத்துலயே முத்திரை குத்தினது. தபால்ல போகவே இல்லை. பசைகூட அப்படியே இருக்கும்."

"ஓ, எங்க மச்சான் வாங்கின டாக்டர் பட்டம் மாதிரி."

தொலைபேசியில் மனைவி என்ன குறி என்று கேட்டாள். குறி விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. அடைப்புக்குறியையும் சேர்த்துச் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டாள். ஏப்ரலும் மே மாதமும் அப்படிப் போயின. வீட்டில் தூசி இல்லை, பேச்சுக்கு ஆளும் இல்லை.

ஜூனில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் அவர் கடையைப் பூட்டிவிட்டு, சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலேயே, பேருந்து ஏறி அக்கா வீட்டுக்குப் போனார். தொப்பலாக நனைந்து உள்ளே நுழைந்தபோது படுக்கையறைச் சுவரில் விரிசல் கூரைவரை ஏறியிருந்தது. அக்கா கொத்தனாரைத் தேடிப் போயிருந்தாள். கட்டிலில் சகலை, கால் முறிந்து, இடுப்புவரை மாவுக்கட்டோடு. கதவு வழியாகக் கட்டிலும் போகாது, அவரையும் தூக்க முடியாது. மனைவி இரண்டு கையாலும் சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தாள். வந்தவர் யார் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதை ஒரு நிமிஷம் பிடிங்க, முட்டுக்கொடுக்க ஏதாவது எடுத்துட்டு வரேன்."

அவர் விரிசலின் மேல் முதுகைச் சாய்த்தார். பசை பிடித்தது. சுவரின் இரண்டு பாதியும் அவரோடு ஒட்டி நின்றன. அவள் கொண்டுவந்த மரக்கட்டை குட்டையாக இருந்தது. மழையில் கொத்தனார் வர மறுத்துவிட்டார். வியாபாரி இரண்டரை நாள் அப்படியே நின்றார். மனைவி கரண்டியால் ஊட்டினாள், நின்றபடியே தூங்கியவரின் தலைக்குத் துண்டு சுருட்டி வைத்தாள். சகலைக்கு ஒரே குறைதான்.

"சகலை, கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்களேன், டிவி மறைக்குது."

"தள்ளினா வீடும் தள்ளும், பரவாயில்லையா?"

"இருங்க, இருங்க. விளம்பரம்தான் ஓடுது."

மழை விட்டதும் கொத்தனார் வந்து, இரும்புக் கம்பம் நிறுத்தி, அவர் தோளைப் பிடித்து இழுத்தார். வியாபாரி அலறினார். மனைவி கொத்தனாரின் கையைத் தட்டிவிட்டாள்.

"இழுக்காதீங்க, ஓரம் கிழியும். தள்ளி நில்லுங்க, நான் பாத்துக்கறேன்."

வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து அவர் முதுகுக்கும் சுவருக்கும் இடையே கொஞ்சம் கொஞ்சமாகச் செருகினாள். அவர் தபால்தலைகளைப் பிரிப்பதை அத்தனை ஆண்டுகளாகப் பார்த்தவள். முக்கால் மணி நேரத்தில் தானாக விடுபட்டு வந்தார். சட்டையின் பின்பாதி சுவரிலேயே தங்கிவிட்டது. முதுகில் சுண்ணாம்பு இருந்தது, பசை இல்லை. மணிக்கட்டில் வட்டம் மட்டும், அடைப்புக்குறி இல்லாமல், கனமாக, ஒரு பக்கம் மை கலங்கி.

அவர் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "மதிப்பு பாதிக்குக் கீழ போயிடுச்சு," என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டதில்லை.

"அது யாருக்கு வேணும்? பையை எடுங்க."

சகலையின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நடத்துனர் வந்ததும் அவள் இரண்டு டிக்கெட் கேட்டாள். நடுவில் கிழிக்காமல் சேர்ந்தாற்போல் வேண்டும் என்றாள். கணவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? ஒட்டியிருக்கிற இணையைப் பிரிச்சா மதிப்பு போச்சுன்னு பட்டியல்ல போட்டிருக்கான்னு நீங்கதானே உயிரை எடுப்பீங்க."

நடத்துனர் இருவருடைய மணிக்கட்டையும் பார்த்தார். "எப்படிக் குடுத்தாலும் வண்டி அதே ஊருக்குத்தாம்மா போகும்," என்று சொல்லி, சேர்ந்தாற்போலவே கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த இருக்கைக்குப் போனார்.