இருபது செக்கன் குரல்

திருகோணமலையில் ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்கள் நெஞ்சால்தான் கேட்கிறார்கள். குத்துப்பாட்டு ஒன்றைப் போடச் சொல்லி, அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தால் நல்ல செட் என்று தூக்கிக்கொண்டு போவார்கள். பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எரிச்சல் மட்டும் குறையவில்லை.

இரத்தினேஸ்வரி சல்லி என்ற மீனவக் கிராமத்திலிருந்து கணவனின் தம்பி டிலக்சனோடு வந்தாள். போன வருடம் அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போய், காற்றில் போட் கவிழ்ந்து, தம்பி மட்டும் திரும்பியிருந்தான். திரும்புவோம் என்று தான் கெஞ்சியதாகவும், வெறுங்கையோடு போனால் மனைவி ஏசுவாள் என்று அண்ணன் மறுத்ததாகவும் ஊருக்குச் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து மாமியார் இவளோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எல்லாம் தன் பிழைதான் என்று அவளே குனிந்தபடி சொன்னாள்.

கடலிலிருந்து கணவன் அனுப்பிய குரல் பதிவு ஒன்று அவளிடம் இருந்தது. இருபது செக்கன். போனிலும் இயர்போனிலும் வெறும் இஞ்சின் இரைச்சல். மகளின் கொம்பியூட்டருக்கு நல்ல ஸ்பீக்கர் பூட்டினால், அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று விளங்கும் என யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

டிலக்சன் பெரிய வூஃபர் செட்டைக் காட்டி இதுவே போதும் என்றான். பதிவைப் போட்டேன். கடை முழுக்க இஞ்சின் உறுமியது. குரல் அதற்குள் அமுங்கிப்போனது. இதுக்கு மேல் விளங்காது, போவோம் என்று அவன் அவளை அவசரப்படுத்தினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தொழில் தெரிந்தவன் முன்னால் சொல்கிற கதையா இது? பேச்சுக் கேட்க இந்த உறுமுகிற பேஸ் எதற்கு? வூஃபர் இல்லாத சாதாரண சோடி ஒன்றைப் பூட்டி, பேஸை அடியோடு குறைத்து, மறுபடி போட்டேன். என் கெட்டித்தனத்தைக் காட்டத்தான் செய்தேன்.

இஞ்சின் அடங்கியது.

"இரத்தினம், காத்து பலமாயிருக்கு. திரும்புவம் எண்டு சொன்னனான், இவன் கேக்கிறானில்லை. டேய், போட்டைத் திருப்படா."

பின்னால் டிலக்சனின் குரல். "மீன் படேக்க ஆரும் திரும்புவினமே? சும்மா இரண்ணை."

அவள் இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டேன். அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

டிலக்சன் மேசையைப் பிடித்துக்கொண்டான். "மச்சாள், அம்மாட்டச் சொல்லாதேங்கோ. அவவுக்கு இப்ப நான் ஒருத்தன்தான் மிச்சம்."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

"நிப்றாஸ் நானா, மாமிக்குக் காது மந்தம்," என்று என்னிடம் சொன்னாள். "இதே மாதிரித் தெளிவா, இன்னும் சத்தமானது இருக்கே?"

இருந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேல் தட்டிலிருந்து இறக்கிக் கொடுத்தேன்.