தடித்த கம்பியின் கரகரப்பு

1

ஒரு பதிலைத் தள்ளிப்போடவே இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கிடார் பழுதுபார்க்கும் என் நண்பன் காலையில் போனில் புலம்பியதைக் கதையாக்கிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

முதல் வரி: 'மகனைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் எலெக்ட்ரிக் கிடாரோடு கடைக்குள்...'

(சரி, இருக்கட்டும். பார்ப்போம்.)

2

அறுந்த கம்பியை மாற்றத்தான் கொடுத்தார். நண்பனோ இரக்கப்பட்டு, கம்பிகள் உட்காரும் பிரிட்ஜையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டான். ஒலி தெளிந்தது, நீண்டு நின்றது. தடித்த கம்பியில் இருந்த கரகரப்பு போயே போய்விட்டது.

"அந்தக் கரகரப்புதாம்பா என் புள்ள. பழசையே மாட்டிக் குடுத்துடு" என்று தகப்பன்...

(இந்த ஆள் பேசினால் நாடகம் மாதிரி இருக்கிறது.)

3

தகப்பன் வரவே இல்லை. வந்தது என் அக்கா. அவளை எழுதக் கை வராமல் ஆளை மாற்றினேன், கதையின் குரலே மாறிவிட்டது. இறந்தவன் அவள் மகன், என் மருமகன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அக்கா தினமும் சாயங்காலம் அவன் அறையில் உட்கார்ந்து அந்தக் கம்பியை ஒரே ஒரு தட்டு தட்டுவாள். கர்ர்ர் என்று அடங்கும்வரை அத்தான் கூடத்தில் டிவியை நிறுத்தி வைத்திருப்பார்.

பழைய பிரிட்ஜை மாட்டியும் கரகரப்பு திரும்பவில்லை.

"கழட்டின பாகத்தைச் சுத்தம் பண்ணாம வெச்சா எனக்குக் கையே ஓடாதுடா," என்றான் நண்பன். "துரு, கம்பி அறுத்த பள்ளம், எல்லாத்தையும் அரத்தால தேய்ச்சுட்டேன். அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? கிடார உன் வீட்டுக்கு அனுப்பிடறேன், நீயே சொல்லிடு."

என் மருமகனின் உள்ளங்கை வியர்வையில் பிடித்த துரு அது. பாவி, பளபளவென்று தேய்த்திருக்கிறான்.

4

முடிவு அ: பள்ளத்தைத் திரும்ப அறுக்கலாம். ஏதோ ஒரு கரகரப்பு வரும். அவளை ஏமாற்ற முடியாது.

முடிவு ஆ: 'வாசிக்க வாசிக்கப் பழைய மாதிரி ஆயிடும்க்கா' என்று...

(வாசிக்க யார் இருக்கிறார்கள்?)

5

கிடார் என் மேஜைமேல் கிடக்கிறது. படியில் அக்காவின் செருப்புச் சத்தம்.

"டேய், சரி பண்ணிட்டானாடா?"

குரலில் எவ்வளவு சந்தோஷம்! என்னால் சொல்ல முடியவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, ஸ்பீக்கர் வயரும் செருகியாகிவிட்டது. அவள் அந்தக் கம்பியைத் தொடுவதற்குள், படிக்கிற நீங்களாவது சொல்லிவிடுங்கள்.