இரண்டாவது பிரேக்

எங்கள் டிரைவிங் ஸ்கூல் கார்களில் பிரேக் இரண்டு. ஒன்று பழகுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில். முதலாவது வண்டியை நிறுத்த, இரண்டாவது எங்கள் உயிரைக் காப்பாற்ற. இந்த இரண்டாவது பிரேக்கால்தான் என் தம்பியின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

ஸ்கூல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் ஓர் அறை, ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகளின் படம், வாசலில் இரண்டு கார். முதலாளி நான். போன் எடுப்பது, கார் கழுவுவது, திட்டுவது எல்லாம் என் பொறுப்பு. தம்பி வாத்தியார். அவன் லேசில் பிரேக்கில் கால் வைக்கமாட்டான். எதிரே லாரி வந்தாலும் காலை மடக்கிக்கொண்டு, "லாரி வருதுங்க, பாத்துக்குங்க" என்று வானிலை சொல்வதுபோல் சொல்வான். நான் அப்படியல்ல. தெருமுனையில் பூனை தெரிந்தாலே மிதித்துவிடுவேன். அதனால்தான் அவன் வாத்தியார்.

பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி எங்களிடம் கார் பழக வந்தாள்; எங்களுக்கு அவள் பிசியோ. விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள், படுக்கையில் கிடந்து எழுந்தவர்கள், இப்படிப்பட்டவர்களின் வீட்டுக்கே போய் நடக்கப் பழக்குவது அவள் வேலை. தோளில் பெரிய பையோடு பஸ் மாறி மாறிப் போவாள். லைசென்ஸ் இருந்தால் ஊருக்கு வெளியே உள்ள நோயாளிகளை எல்லாம் அவளிடமே கொடுத்து, வேலையையும் நிரந்தரம் ஆக்குவதாக கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

முதல் நாளே தம்பியின் கழுத்தைப் பார்த்து, "ரொம்ப நாளா வலிக்குதா?" என்று கேட்டுவிட்டாள். ஒரே பக்கம் திரும்பித் திரும்பிப் பேசுகிற தொழில், வலிக்காமல் என்ன செய்யும்? ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, மோவாயைக் கோழி மாதிரி உள்ளே இழுத்து இழுத்து விடவேண்டும். பெற்ற தாய் சொல்லிக் குளிக்காதவன், இதை வேளை தவறாமல் செய்தான். பிறகு சட்டைப் பையில் சீப்பு வந்தது. பிறகு அவர்களுடைய 'நீங்க' எல்லாம் 'நீ' ஆனது.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஒரு நாள் மேஜை ஓரத்தைச் சுரண்டினான்.

"சொல்லவே வேண்டாம். மருந்துக்கடைக்காரருக்கே தெரியும்."

பிசியோவின் அம்மா வந்தார். அறையைப் பார்த்தார், கார்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க தம்பி கோவப்படுவாரா?" என்று ஒன்றுதான் கேட்டார்.

"எங்க வீட்டுக் கோவத்தை எல்லாம் நானே எடுத்துக்கிட்டேங்க. அவனுக்கு மிச்சம் வைக்கல."

அவர் சிரித்துவிட்டார். சம்மதம். பிசியோ மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். "முதல்ல லைசென்ஸ். அப்புறம்தான் கல்யாணம். மனசுல ரெண்டு பரீட்சையைச் சுமக்க என்னால முடியாது."

இதென்ன பெரிய நிபந்தனை என்று நினைத்தேன். ஸ்டியரிங், கண்ணாடி, கியர், எல்லாம் அவளுக்குச் சுத்தமாக வந்தன. ஆனால் தேர்வில், ஆட்கள் சாலையைக் கடக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தவே இல்லை. அதிகாரி தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். அவர் மிதித்தால் ஃபெயில். இரண்டாம் முறை ரவுண்டானாவில் அதே கதை. அன்றைக்கு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள்.

"என்னைப் பத்தி நான் ரொம்பப் பெருசா நெனச்சுட்டேன் போல இருக்கு அக்கா. கிளினிக்ல வேண்டாம்னு சொல்லிடறேன்."

தம்பி பக்கத்தில் நின்று அவளுக்குக் கண்ணைத் துடைத்துவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவனிடம் படித்தவள், நிறுத்த வேண்டிய இடத்தில் மட்டும் எப்படிக் கோட்டை விடுவாள்? மறுநாள் வகுப்பில் நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பார்த்தேன். ஒவ்வொரு முனையிலும் அவள் கால் பிரேக்கைத் தேடிப் போகிற நேரத்தில் வண்டி தானாக அடங்கியது. அவள் காலுக்கு வேலையே இல்லை. தம்பியின் முகம் வழக்கம்போல் சாந்தமாக இருந்தது. அவன் கால் அங்கே என்ன செய்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

சொன்னால் நம்பமாட்டான். வாத்தியாரின் பிரேக்கை மிதித்தால் 'பீப்' என்று கத்துகிற கருவி ஒன்று அந்தக் காரில் உண்டு. காது வலிக்கிறது என்று ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தோம். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று நான் யோசிக்கிறவள் இல்லை. அடுத்த வகுப்புக்கு முன்னால் அதை மாட்டிவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் முனையில் பீப். "என்ன சத்தம்?" என்றான் தம்பி. "நீ பேசாம வா" என்றேன். பள்ளிக்கூட வாசலில் பீப். ரவுண்டானாவில் நீளமாக ஒரு பீப். கையும் களவுமாக இல்லை, காலும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

பிசியோவுக்குப் புரிந்தது. ஓரமாக ஒதுக்கி, ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். என் நெற்றி முன் சீட்டில் இடித்தது. அந்தக் காரில் அவள் தானாகப் போட்ட முதல் பிரேக் அதுவாகத்தான் இருக்கும்.

"எத்தனை நாளா இப்படி?"

"சத்தியமா எனக்கே தெரியாது."

"எல்லாருக்கும் இப்படித்தான் செய்வீங்களா?"

'நீங்க' திரும்பி வந்துவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா? "மத்தவங்க ஓட்டினா லாரியே வந்தாலும் அசையமாட்டான்" என்றேன்.

"என் வேலை என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அவங்க நடக்கும்போது என் ரெண்டு கையும் பக்கத்துலயே இருக்கும். ஆனா தொடமாட்டேன். தொட்டா என் கையை நம்பித்தான் நடப்பாங்க, அவங்க காலை நம்பமாட்டாங்க. எனக்குத் திறமையே இல்லேன்னு நான் அழுதேன். நீங்க பக்கத்துல நின்னு கண்ணைத் தொடச்சு விட்டீங்க." பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "கல்யாணத்துக்குத் தேதி எதுவும் பாக்கவேண்டாம் அக்கா."

பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டாள். தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"அவளுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது அக்கா?"

"மத்தவங்களுக்கு ஆனா மட்டும் பரவாயில்லையா?"

"மத்தவங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பாவி.

சில நாள் கழித்து அவள் எனக்குப் போன் செய்தாள். நான் சொல்லிக்கொடுப்பதானால் வருவதாகச் சொன்னாள். பூனைக்கே மிதிக்கிறவள் நான். ஆனால் கல்யாணம் அந்தரத்தில் தொங்குகிறதே! செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கால் இறங்கினால்தானே வம்பு? முதல் வகுப்பில் ஒரு குப்பைத்தொட்டியை இடித்துத் தள்ளினாள். பம்பர் நசுங்கியது. நாங்கள் இரண்டு பேரும் இறங்கி நின்று பார்த்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் இடிக்கவில்லை.

"எப்படி ஓட்டறா?" என்று தம்பி தினமும் கேட்பான். "உன்னைவிட நல்லா" என்பேன்.

லைசென்ஸ் கிடைத்தது. எனக்குத்தான் போன் வந்தது, அவனுக்கு வரவில்லை. கூப்பிட்டுப் பேசு என்றேன். "அவளா வரட்டும் அக்கா. நான் அவசரப்பட்டா அதுவும் தப்பாயிடும்" என்றான். கோழிப் பயிற்சியை மட்டும் விடவில்லை. சுவரைப் பார்த்து நின்று அவன் மோவாயை இழுப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு மத்தியானம், கிளினிக்கில் அவளுக்குக் கொடுத்த கார் வாசலில் வந்து நின்றது. சின்ன கார். அதில் பிரேக் ஒன்றுதான்.

"ஏறு" என்றாள் தம்பியிடம். "நீங்களும் வாங்க அக்கா."

அவன் முன்னால் உட்கார்ந்து முழங்கால்களைக் கையால் பிடித்துக்கொண்டான். கடைத்தெரு தாண்டியதும் ஒரு சந்திலிருந்து வேன் ஒன்று பார்க்காமல் பின்பக்கமாக வெளியே வந்தது. தம்பியின் வாய் திறக்கவில்லை. கால் மட்டும் தரைவிரிப்பை ஓட்டை போடுகிற மாதிரி அழுத்தியது. அவள் சரியான நேரத்தில் நிறுத்தினாள். வேன் போயிற்று. அவள் குனிந்து அவன் காலைப் பார்த்தாள்.

"அங்க ஒண்ணுமே இல்லையே."

"தெரியும். தெரிஞ்சுதான் ஏறினேன்." அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. "பயம் போகல. போயிடும்னு பொய் சொல்லமாட்டேன்."

"போகணும்னு யார் கேட்டா? எனக்காகப் பயப்படாத ஆளு எனக்கும் வேண்டாம். பயந்துக்கிட்டே பக்கத்துல உக்காரு. என் காலுக்குள்ள வராதே, அவ்வளவுதான்."

அடுத்த சிக்னலில் சிவப்பு. அவளே நிறுத்தினாள். நேரே பார்த்தபடி, "எந்தத் தேதி வெச்சுக்கலாம்?" என்று கேட்டாள்.

தம்பி வாயைத் திறந்தான். கண்ணீர்தான் வந்தது. "சொல்லித் தொலைடா" என்று பின்னாலிருந்து கத்தினேன். அதற்குள் விளக்கு மாறிவிட்டது.

"பச்சை விழுந்துடுச்சு" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "போ."

அவள் போகவில்லை. பின்னால் வரிசையாக ஹார்ன் அடித்தார்கள். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"தேதியைச் சொல்லு. அப்புறம் போறேன்."

சொன்னான்.