பசுமை இல்ல வாயு

"பசுமை இல்ல வாயுவால் சூடாகிறது நம் ஊர்." தலைப்பு நான் வைத்ததுதான். மனைவி உயிரோடு இருந்திருந்தால் அச்சுக்குப் போகும் முன்பே சிரித்திருப்பாள்.

காலையில் பத்திரிகை அலுவலக வாசலில் கூட்டம். எல்லாரும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள 'பசுமை இல்லம்' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள். முன்னால் நின்ற அம்மாதான் சங்கச் செயலாளர்.

"ஏன் தம்பி, ஊர் சூடாகறதுக்கு எங்க வாயுதான் கிடைச்சுதா?"

"மூணாம் மாடிக்காரரைச் சொன்னா ஒத்துக்கலாம்," என்றார் பின்னால் ஒருவர். "மொத்தக் கட்டடத்தையும் இழுத்தா எப்படி?"

"நான் கிழங்கை விட்டே ஒரு மாசமாச்சுய்யா," என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

எங்கள் புகைப்படக்காரன் என் மைத்துனன். கேமராவால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினான்.

ஆசிரியர் என்னை உள்ளே அழைத்தார். "சுற்றுச்சூழல் பத்தியை எவனும் படிக்கலைன்னு நினைச்சேன். படிச்சிருக்காங்க, சண்டைக்கும் வந்துட்டாங்க. இவங்களுக்குப் புரியற மாதிரி நாளைக்கே எழுது. இல்லேன்னா அந்த இடத்துல ராசிபலன்."

என்னை வெளியே நாலு இடம் போக வைப்பது அந்தப் பத்தி ஒன்றுதான். அது போனால் மேசை, வீடு, மறுபடி மேசை.

அவர்களோடு கிளம்பினேன். வழியிலேயே சொன்னேன். "கண்ணாடிக் கூரை போட்டுச் செடி வளர்ப்பாங்களே, அதுக்குப் பேரும் பசுமை இல்லம்தான். உள்ள வந்த சூடு வெளிய போகாது. சில வாயுவும் பூமிக்கு மேல அப்படித்தான் மூடிக்கும்."

"எங்கேர்ந்து வருது அந்த வாயு?" என்றார் அம்மா.

"வண்டிப் புகையிலேர்ந்து வரும். குப்பை குவிஞ்சு அழுகினாலும் வரும்."

அம்மாவின் நடை தளர்ந்தது. காரணம் போனபின் தெரிந்தது. கட்டடத்தின் பின்புறம் பெரிய குப்பைக் குழி. ஈரமும் காய்ந்ததும் ஒன்றாகக் கிடந்து அழுகின. நேர் மேலே மூன்றாம் மாடிக்காரரின் படுக்கையறை ஜன்னல்.

அவர் இடுப்பில் கைவைத்து எல்லாரையும் பார்த்தார். "அந்த நாத்தம் நானில்லைன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"அத்தான், தலைப்பு சரிதான் போலிருக்கே," என்றான் மைத்துனன்.

அம்மா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். "சரி தம்பி, உள்ளதை எழுதுங்க. ஆனா குப்பையை நாளைலேர்ந்து பிரிக்கப் போறோம்னு சேர்த்து எழுதுங்க."

குழியிலிருந்து தொடங்கி எழுதினேன். ஜன்னலையும் அவர்கள் பேச்சையும் அப்படியே வைத்தேன். வானத்தைக் கடைசி வரிகளில்தான் கொண்டுவந்தேன்.

மறுநாள் அது அச்சில் வந்ததும் ஆசிரியர் தொலைபேசியைப் பொத்தியபடி என்னைப் பார்த்தார். "பக்கத்து அடுக்குமாடிக்காரங்க. அவங்க குழி இதைவிடப் பெரிசாம். அதை ஏன் போடலைன்னு சண்டை."

"நான் என்ன செய்யட்டும்?"

"போய்ப் பாரு. ராசிபலன்காரருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

மைத்துனன் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தான்.